மாமன் மகளைக் கட்டியவர் மாநிலம் மாறினால்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் திருமண உரிமம் வாங்கப் போகும் இருவரும் ஒரு விண்ணப்பத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். மணக்கப்போகிறவர் தனக்கு என்னென்ன உறவில்லை என்பதற்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. முன்னோர், வழித்தோன்றல், உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர், உடன்பிறந்தவரின் பிள்ளை என்று போகும் அந்தப் பட்டியலில், பெற்றோருடைய உடன்பிறந்தவரின் மகனோ மகளோ இல்லை என்ற வரியும் 2005-லிருந்து இருக்கிறது. நம் பேச்சில் அதுதான் மாமன் மகள், அத்தை மகன். அதே ஜோடி கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ நியூ யார்க்கிலோ போய் நின்றால், இந்த உறவைக் காட்டி உரிமம் மறுக்க அங்கே சட்டம் இல்லை.

மதுரையிலோ நியூ ஜெர்சியின் எடிசனிலோ ஊரறியக் கல்யாணம் செய்த முறைப்பெண்ணும் மாப்பிள்ளையும் வேலை மாறி ஹூஸ்டனுக்கோ கொலம்பஸுக்கோ சியாட்டிலுக்கோ குடிபோனால் அந்தக் கல்யாணம் அங்கே செல்லுமா? பல குடும்பங்களுக்குள் இந்தக் கேள்வி இருக்கிறது. வெளியில் கேட்கத்தான் கூச்சம். அன்றாட வாழ்வில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடமோ வங்கியோ வீட்டுக்காரரோ கணவன் மனைவிக்குள் என்ன சொந்தம் என்று கேட்பதில்லை. சிக்கல் எழுவது சாவு, மணமுறிவு, கிரீன் கார்டு, ஓய்வூதியம் ஆகிய சமயங்களில்தான். அந்த நேரத்தில் புதிதாகக் காகிதம் தயார் செய்ய முடியாது என்பதால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். ஒரு மாநிலத்தின் ஆவணத்தை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது, ஆகவே நம் திருமணச் சான்றிதழ் ஐம்பது மாநிலத்திலும் செல்லும் என்று பலர் சொல்வார்கள். 'ஃபுல் ஃபெய்த் அண்ட் க்ரெடிட்' எனப்படும் அந்த விதி முழு வலுவோடு வேலை செய்வது நீதிமன்றத் தீர்ப்புக்குத்தான். ஜார்ஜியா நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு வழங்கிய தத்தெடுப்புத் தீர்ப்பை அலபாமா ஏற்க மறுத்தபோது, ஏற்றே ஆக வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜார்ஜியா சட்டத்தை ஜார்ஜியா நீதிமன்றம் சரியாகப் புரிந்துகொண்டதா என்று ஆராயக்கூட அலபாமாவுக்கு இடமில்லை. திருமணச் சான்றிதழ் தீர்ப்பு அல்ல. இன்ன நாளில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடந்தது என்பதை அது காட்டும். அந்தத் திருமணம் தன் எல்லைக்குள் செல்லுமா என்பதை ஒவ்வொரு மாநிலமும், ஒன்றுக்கொன்று காட்டும் மரியாதையின் அடிப்படையில், தானே முடிவு செய்துகொள்கிறது.

அந்த மரியாதை லேசானதும் அல்ல. நடந்த இடத்தில் செல்லுபடியான திருமணம் எங்கும் செல்லும் என்பதுதான் பொது விதி. விலக்கு ஒன்று உண்டு. திருமணம் நடந்த சமயத்தில் அந்த இருவரோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த மாநிலத்தின் அழுத்தமான பொதுக்கொள்கைக்கு அது முரணாக இருந்தால் செல்லாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு ஜோடியும் மூன்று இடங்களைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும்: கல்யாணம் எங்கே நடந்தது, அன்று இருவரும் எங்கே குடியிருந்தார்கள், கேள்வி எழும்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே பதில் என்றால் கவலை குறைவு. இரண்டாவது பதிலும் மூன்றாவது பதிலும் ஒரே தடை மாநிலமாக இருந்து, முதல் பதில் மட்டும் வேறாக இருந்தால்தான் ஆபத்து அதிகம்.

உறவை எண்ணுவது எப்படி

நம் உறவுச் சொற்கள் இங்கே ஆளைக் கவிழ்க்கும். 'மாமா பொண்ணு' என்று நாம் சொல்வது அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகளாக இருக்கலாம். அம்மாவின் பெரியப்பா மகனுடைய மகளாகவும் இருக்கலாம். முதலாமவர் அமெரிக்கச் சட்டத்தில் ஃபர்ஸ்ட் கசின். இரண்டாமவர் செகண்ட் கசின், அவரை மணக்க எந்த மாநிலத்திலும் தடை இல்லை. இரண்டு பேரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லால் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, இல்லாத சிக்கலை வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு. மறுபக்கம், முறை உள்ளவர், முறை இல்லாதவர் என்று நாம் பார்க்கும் பிரிவை அமெரிக்கச் சட்டம் பார்ப்பதில்லை. மாமன் மகளும் சித்தப்பா மகளும் அதற்கு ஒன்றுதான்.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள். இருவருடைய தாத்தா பாட்டி பெயர்களையும் எழுதுங்கள், ஆளுக்கு நான்கு. இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை என்றால் நீங்கள் ஃபர்ஸ்ட் கசின் இல்லை. இரண்டு பெயர் பொது என்றால் ஃபர்ஸ்ட் கசின். ஒரே ஒரு பெயர் பொது என்றால், பெரும்பாலும் தாத்தாவுக்கு இரண்டு தாரமாக இருந்திருக்கும், அது அரை உறவு. சில மாநிலச் சட்டங்கள் அரை உறவையும் முழு உறவோடு சேர்த்தே எழுதியிருக்கின்றன, சில அதைப் பற்றிப் பேசவில்லை. நான்கு பெயருமே பொது என்றால் நீங்கள் டபுள் ஃபர்ஸ்ட் கசின். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில், அந்த இரண்டு தம்பதியரின் பிள்ளைகள் மணந்துகொண்டால் இப்படித்தான் வரும்.

இந்த நான்கு பெயர்க் கணக்கை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், வட கரோலினா ஃபர்ஸ்ட் கசின் திருமணத்தை அனுமதிக்கிறது, டபுள் ஃபர்ஸ்ட் கசின் திருமணத்தைச் செல்லாது என்கிறது. 'ராலேயில் கசினை மணக்கலாமாம்' என்று கேள்விப்பட்டு உரிமம் வாங்கிவிட்டு, இந்தப் பிரிவைப் பார்க்காமல் விடுவது சாதாரணமாக நடக்கக்கூடிய தவறு. இன்னொரு கண்ணி ஒஹாயோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் இருக்கிறது. செகண்ட் கசினைவிட நெருங்கிய உறவு கூடாது என்பது அங்குள்ள சட்டத்தின் வாசகம். ஒன்றுவிட்ட அக்காவின் மகள் செகண்ட் கசினைவிட ஒரு படி நெருக்கம். தாத்தா பாட்டி பட்டியலில் பொதுப் பெயர் இல்லையே என்று அவரை மணக்க நினைத்தால் அந்த இரண்டு இடங்களிலும் உரிமம் கிடைக்காது. அங்கே கணக்கை ஒரு தலைமுறை மேலே கொண்டுபோக வேண்டும்.

இல்லினாய், விஸ்கான்சின், அரிசோனா, யூட்டா, இந்தியானா போன்றவை ஃபர்ஸ்ட் கசின் திருமணத்தை, வயது அல்லது குழந்தைப்பேறு இயலாமையை நிபந்தனையாக வைத்து அனுமதிக்கின்றன. இல்லினாயில் இருவருக்கும் 50 வயது, இந்தியானாவில் 65. மெய்ன் மாநிலத்தில் மரபணு ஆலோசனை பெற்றதற்கு மருத்துவர் சான்று வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. நெடுங்காலம் அனுமதித்து வந்த டென்னசி 2024-ல் தடை செய்துவிட்டது. எனவே இணையத்தில் சுற்றும் வண்ண வரைபடங்களை நம்பாமல், குடிபோகும் மாநிலத்தின் சட்டமன்றத் தளத்தில் இன்றைய வாசகத்தை எடுத்துப் படியுங்கள்.

தடை மாநிலங்களின் நீதிமன்றங்கள் சொன்னது

ஃபர்ஸ்ட் கசின் விஷயத்தில் தீர்ப்புகள் பெரும்பாலும் தம்பதியர் பக்கம் வந்திருக்கின்றன. மாசசூசெட்ஸில் மணந்த கசின் ஜோடியின் திருமணத்தை ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1958-ல் ஏற்றது. கொலராடோவில் நடந்ததைக் கான்சாஸ் 1981-ல், ஒரு வாரிசு வழக்கில், ஏற்றது. ஈரானில் நடந்த கசின் திருமணத்தை லூசியானா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் ஏற்றது. வர்ஜீனியாவில் மணந்து 1980களில் அரிசோனாவுக்குக் குடிவந்த ஜோடியின் வழக்கு இன்னும் நுணுக்கமானது. அவர்கள் வந்து பல ஆண்டுகள் கழித்து, 1996-ல், வெளி மாநிலக் கசின் திருமணத்தை ஏற்கக் கூடாது என்று அரிசோனா சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் திருமணம் ஏற்கெனவே அங்கே செல்லுபடியாகிவிட்டது, பின்னால் வந்த திருத்தம் அதைப் பறிக்காது என்று நீதிமன்றம் 2005-ல் சொன்னது. இப்படிப்பட்ட இடத்தில் வழக்கைத் தீர்மானிப்பது குடிபுகுந்த தேதி. முதல் வாடகை ஒப்பந்தம், முதல் மின்கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம் எடுத்த நாள் எல்லாம் கோப்பில் இருக்கட்டும்.

ஒரு மாநிலம் தடை செய்திருக்கிறதா என்பதோடு நிற்காமல், தடையை மீறிய திருமணத்தை அந்த மாநிலம் என்னவென்று அழைக்கிறது என்றும் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்றால் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்த பிறகும், கேள்வி எழுப்பலாம். ரத்து செய்யத்தக்கது என்றால் பொதுவாகத் தம்பதியரில் ஒருவர்தான், இருவரும் உயிரோடு இருக்கும்போதே, நீதிமன்றம் போக முடியும். சொத்துத் தகராறில் முதல் மனைவியின் பிள்ளைகளோ இறந்தவரின் தம்பியோ இந்தக் கேள்வியைக் கையில் எடுப்பதுதான் வழக்கம். அரசாங்கம் தானாக வந்து கதவைத் தட்டுவது அரிது.

டெக்சஸ் இங்கே விசித்திரமான நிலையில் இருக்கிறது. குடும்பச் சட்டத்தில் உறவு காரணமாகச் செல்லாத திருமணங்களைச் சொல்லும் 6.201 பிரிவில் தாய்மாமனும் அக்கா மகளும் உண்டு, கசின் இல்லை. ஆனால் உரிமம் தரக்கூடாது என்ற பட்டியலில் கசின் உண்டு. அதற்கும் மேலே, தண்டனைச் சட்டத்தின் 25.02 பிரிவு ஃபர்ஸ்ட் கசினோடு உடலுறவு கொள்வதைக் குற்றமாக்குகிறது. திருமணம் செல்லும் என்று குடும்ப வழக்கறிஞர் ஒருவர் சொல்வதும், குற்றம் என்று இன்னொருவர் சொல்வதும் இதனால்தான்; இருவரும் வேறுவேறு புத்தகத்தைப் பார்க்கிறார்கள். டெக்சஸ் போகும் கசின் தம்பதியர் குடும்பச் சட்ட வழக்கறிஞரிடம் மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது.

அக்கா மகளை மணந்தவர்கள்

இதில் மென்மையாகப் பேசிப் பயனில்லை. தாய்மாமன்–அக்கா மகள் திருமணம் நம் ஊர்களில் எவ்வளவு இயல்பாக இருந்தாலும், அமெரிக்க மாநிலங்கள் அனேகமாக எல்லாமே அதைத் தடை செய்கின்றன, பல இடங்களில் அது குற்றமும்கூட. ரோட் ஐலண்ட் மட்டும் யூதர்களுக்கு, அவர்கள் மதம் அனுமதிக்கும் அளவில், விலக்கு வைத்திருக்கிறது.

அந்த விலக்கிலிருந்து பிறந்ததுதான் இந்த விஷயத்தில் மிக அதிகமாகப் பேசப்படும் தீர்ப்பு. நியூ யார்க்கில் வாழ்ந்த யூதர் ஒருவரும் அவருடைய அரை உறவு அக்கா மகள் முறையான பெண்ணும் 1913-ல் ரோட் ஐலண்ட் போய், ரபை எனப்படும் யூத மதகுரு முன்னிலையில் மணந்துகொண்டு, இரண்டு வாரத்தில் ஊர் திரும்பினார்கள். 32 ஆண்டு சேர்ந்து வாழ்ந்து ஆறு பிள்ளைகள் பெற்றார்கள். மனைவி 1945-ல் இறந்ததும் அவருடைய சொத்தை நிர்வகிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவிலேயே எழுந்தது. வெளி மாநிலத்தில் நடந்த திருமணத்தைப் பற்றி நியூ யார்க் சட்டம் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை, ஆகவே அது செல்லும் என்று 1953-ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை உறவுத் தாய்மாமன்–மருமகள் திருமணம் நியூ யார்க்கிலேயே தடைக்குள் வராது என்று அதே நீதிமன்றம் 2014-ல், ஒரு குடியேற்ற வழக்கில், சொன்னது. முழு உறவுக்கு அந்தச் சலுகை இல்லை.

கனெக்டிகட் தீர்ப்பு நேர் எதிர். அங்கே குடியிருந்த ஒருவர் 1951-ல் இத்தாலி போய் தன் உடன்பிறந்தவர் மகளை, அங்கே முறைப்படி அனுமதி பெற்று மணந்தார். 1956-லிருந்து ஹார்ட்ஃபோர்டில் குடும்பம் நடத்தினார்கள், ஒரு மகனும் உண்டு. 1958-ல் கணவர் இறந்தார். விதவைக்கு உரிய பராமரிப்புத் தொகையை மனைவி கேட்டபோது, 1961-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. திருமணம் நடந்த அன்று கணவர் கனெக்டிகட்வாசி, அந்த உறவு அங்கே குற்றம், ஆகவே இத்தாலியில் செல்லுபடியானது இங்கே செல்லாது என்றார்கள். கிரீன் கார்டு எடுத்து இங்கே குடியிருந்துகொண்டு, ஊருக்குப் போய் அக்கா மகளை மணந்து அழைத்துவர நினைப்பவர் படிக்க வேண்டியது இந்தத் தீர்ப்பைத்தான். இருவருமே தமிழ்நாட்டில் குடியிருந்தபோது மணந்து, பல ஆண்டு கழித்து வந்தவர்களின் நிலை இதைவிடப் பலமானது. முழுக்கப் பத்திரமானது என்று மட்டும் சொல்ல முடியாது.

தடையைத் தாண்டப் பக்கத்து மாநிலம் போவது

விஸ்கான்சினில் குடியிருக்கும் கசின் ஜோடி, அங்கே உரிமம் கிடைக்காது என்று தெரிந்து வேறு மாநிலம் போய் மணந்துவிட்டுத் திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். விஸ்கான்சின் அதைச் செல்லாது என்கிறது, 10,000 டாலர் வரை அபராதமோ ஒன்பது மாதம் வரை சிறையோ என்றும் எழுதி வைத்திருக்கிறது. இல்லினாயும் இப்படிப்பட்ட திருமணத்தைச் செல்லாது என்றே சொல்கிறது. விஸ்கான்சினிலிருந்து தென் கரோலினா போய் மணந்து திரும்பிய கசின் ஜோடிக்குக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1967-ல் கைவிரித்தது இதனால்தான்.

இந்த வகைச் சட்டங்களுக்குக் கொடுமையான வரலாறும் உண்டு. ரிச்சர்ட் லவிங்கும் மில்ட்ரெட்டும் 1958-ல் வாஷிங்டன் டி.சி. போய் மணந்துவிட்டு வர்ஜீனியா திரும்பியபோது, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணக்கக் கூடாது என்ற சட்டத்தின்கீழ் கைதானார்கள். ஓராண்டுச் சிறை; 25 ஆண்டு மாநிலத்துக்குள் சேர்ந்து காலெடுத்து வைக்காவிட்டால் அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே உடைத்தது. ஒரே பாலினத் தம்பதியர் வழக்கும் மாநில எல்லைப் பிரச்சினையாகவே வளர்ந்தது. ஒஹாயோவில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் படுக்கையாகக் கிடந்த ஜான் ஆர்தரை ஜிம் ஓபர்ஜஃபெல் 2013 ஜூலையில் மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோனார். ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே திருமணம் நடந்தது. மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் 'துணைவர்' என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும் என்பதற்காக நடந்த வழக்குதான், ஒரே பாலினத் திருமணத்தை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்று 2015-ல் நாடு முழுவதற்குமான தீர்ப்பாக முடிந்தது.

2022 டிசம்பரில் வந்த ரெஸ்பெக்ட் ஃபார் மேரேஜ் சட்டம் வெளி மாநிலத் திருமணத்தை ஏற்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பாலினம், இனம், இனக்குழு, பூர்விக நாடு என்ற காரணங்களால் மறுக்கக் கூடாது என்பதோடு அந்தக் கட்டாயம் முடிந்துவிடுகிறது. உறவுமுறை அந்தப் பட்டியலில் இல்லை. 'புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி எல்லாத் திருமணமும் செல்லும்' என்று யாராவது சொன்னால் இந்த இடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியவை

நடந்த இடத்தில் செல்லுபடியாகும் திருமணம் என்பதை முதலில் நிறுவ வேண்டும். இந்து திருமணச் சட்டம் 1955, தாய்மாமன்–அக்கா மகள் உறவையும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளையும் தடை உறவு என்றுதான் எழுதியிருக்கிறது. இருவரின் குலவழக்கமும் அனுமதித்தால் மணக்கலாம் என்ற விலக்கில்தான் நம் முறைப்பெண் கல்யாணங்கள் எல்லாம் நிற்கின்றன. எனவே வழக்கத்துக்கு அத்தாட்சி வேண்டும். குடும்பத்துப் பெரியவர்கள் இருவர், தங்கள் சமூகத்தில் இது தலைமுறையாக உள்ள வழக்கம் என்று, குடும்பத்தில் நடந்த முந்தைய கல்யாணங்களை ஆண்டோடு குறிப்பிட்டு, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரட்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ்ப் பதிவு செய்தால் வெளிநாட்டில் மதிப்பு அதிகம் என்று யாராவது சொன்னால், முறைப்பெண்ணை மணப்பவர் கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் மாமன் மகளும் அத்தை மகளும் தனித்தனியாக இருக்கிறார்கள். வழக்கத்தின் பேரில் விலக்கு வேண்டுமென்றால், அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் திடமாக நிற்கும் கல்யாணம், இந்தச் சட்டத்தின் கீழ்ப் போனால் ஆட்டம் காணும்.

சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களுக்கு இன்னொரு காகிதம். புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை என்றதும், ஏழடி வைக்காத இந்துத் திருமணம் எப்படிச் செல்லும் என்று வெளியாட்கள் தயங்குவார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரியும் மொழியில் சொல்வதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். இந்தப் பிரிவின் ஆங்கில வாசகத்தையும், அதை ஏற்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001-ல் தந்த நாகலிங்கம்–சிவகாமி தீர்ப்பையும் அச்செடுத்துச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். 'இது என்ன சடங்கு' என்ற கேள்வி அதோடு முடியும்.

சான்றிதழில் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் வாங்குவது நல்லது. கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. திருமணம் செல்லும் என்ற உத்தரவாதமாக அதை நினைக்க வேண்டாம். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றோடும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்ற மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் 'மாமா மகள்' என்று வரும் இடத்தில், உடன்பிறந்த மாமாவா ஒன்றுவிட்ட மாமாவா என்று அடைப்புக்குறிக்குள் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி, வரி

ஒவ்வொரு அலுவலகமும் வேறுவேறு மாநிலத்தைப் பார்க்கிறது. வருமான வரித் துறை, திருமணம் நடந்த இடத்தில் அது செல்லுமா என்று பார்க்கும். குடியேற்றத் துறையும் அங்கேதான் தொடங்கும், ஆனால் தம்பதியர் குடியிருக்கப்போகும் மாநிலத்தின் கொள்கையையும், அங்கே அது குற்றமா என்பதையும் கணக்கில் எடுக்கும். ஆகவே கணவர் நியூ ஜெர்சியில் இருந்து மனுப்போடுவதும் டெக்சஸில் இருந்து போடுவதும் ஒன்றல்ல. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தில் விதவை உதவித்தொகைக்கு, இறந்தவர் இறக்கும்போது எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தாரோ அந்த மாநில நீதிமன்றங்கள் அதைத் திருமணமாக ஏற்குமா என்று பார்ப்பார்கள். முப்பது வருடம் கலிஃபோர்னியாவில் வாழ்ந்துவிட்டு, ஓய்வுக்கு மகன் இருக்கும் தடை மாநிலத்துக்குக் குடிபோகும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அதிகாரி உறவைக் கேட்டால் மறைக்காதீர்கள். கசின் என்பதற்காக மனு மறுக்கப்பட்டால் வாதாட வழி உண்டு. தெரிந்தே பொய் சொன்னதாகப் பதிவானால், விசா வாழ்நாள் முழுவதும் மறுக்கப்படலாம்.

சடங்கில்லாமல் சேர்ந்து வாழும் காமன் லா திருமணத்துக்கும் இதே எல்லைப் பிரச்சினை வரும். கொலராடோ, டெக்சஸ் போன்ற சில மாநிலங்கள்தான் அதை உருவாக்க அனுமதிக்கின்றன. அங்கே முறையாக உருவானதை மற்றவை பொதுவாக ஏற்கின்றன. டெக்சஸில் இருக்கும்போதே கவுண்டி கிளார்க் எனப்படும் உள்ளூர்ப் பதிவு அதிகாரியிடம் அறிவிப்புப் படிவம் பதிந்துவிட்டால் பின்னால் சாட்சி தேடி அலைய வேண்டாம். யூட்டாவில் வீடியோ வழியாக மணந்தவர்கள், குடியேற்றச் சட்டத்தில் அது செல்ல, திருமணத்துக்குப் பிறகு நேரில் சந்தித்து இல்லறம் நடத்தியதைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட் முத்திரையும் விமானச் சீட்டும் அதற்கு உதவும்.

திருமணத்தை நம்பியிராத காகிதங்கள்

கேள்வி எழுந்த பிறகு வழக்காடுவதைவிட, கேள்விக்கே வேலையில்லாமல் செய்வது மேல். உயிலில் 'என் மனைவிக்கு' என்று மட்டும் எழுதாமல், பெயர், பிறந்த தேதி எழுதி, 'எங்கள் திருமணம் சட்டப்படி எப்படிக் கருதப்பட்டாலும் இவருக்கே' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆயுள் காப்பீடு, 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் வாரிசுப் படிவத்தில் பெயர் இருக்க வேண்டும். படிவம் காலியாக இருந்தால் 'துணைவருக்கு' என்ற பொது விதி வேலை செய்யும், அப்போது துணைவரா இல்லையா என்ற கேள்வியும் கூடவே வரும். வீடு இருவர் பெயரிலும், ஒருவருக்குப் பின் மற்றவருக்குத் தானாகப் போகும் வகைப் பத்திரமாக இருக்கட்டும். பிள்ளைகளைப் பற்றிப் பயம் வேண்டாம். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளின் உரிமையையும் மாநிலச் சட்டங்கள் பரவலாகப் பாதுகாக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சொத்து பெரிது, உறவில் பகை உண்டு என்றால் இன்னும் ஒரு படி போகலாம். திருமணத்தை ஏற்கும் மாநிலத்தில் குடியிருக்கும்போதே, அது செல்லும் என்று அறிவிக்கும் தீர்ப்பை அங்குள்ள நீதிமன்றத்தில் கேட்கலாமா என்று வழக்கறிஞரிடம் விசாரியுங்கள். கிடைத்தால், சான்றிதழுக்கு இல்லாத பலம் கையில் வரும். தொடக்கத்தில் சொன்ன அரசியல் சாசன விதி தீர்ப்பின் பின்னால் நிற்கும். எதிர்க்கக்கூடியவர்களுக்கு முறையாக நோட்டீஸ் போயிருக்க வேண்டும். யாருக்கும் சொல்லாமல் வாங்கிய தீர்ப்பு, அந்த வழக்கில் இல்லாதவர்களைக் கட்டாது.

மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரத்தை மாநிலம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மாநிலப் படிவத்தில் புதிதாக எழுதிவிடுங்கள். பழையது பெரும்பாலும் செல்லும்தான், ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு இருக்கும் ஊழியருக்குப் பழக்கமான படிவம் உள்ளூர்ப் படிவம்தான். அசலை வங்கி லாக்கரில் பூட்டாமல் வீட்டில் எளிதாக எடுக்கும் இடத்தில் வைத்து, இருவர் கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.